சேவ் பண்ணாத ஜெபம்

வேலம்பாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிஞ்சு வந்து.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்க பிரிசில்லா எழுதுறேன். அந்த ஊர் மணல் காத்துல உங்க உடம்பு எப்படி இருக்கு? தொண்டைக்கட்டு விட்டுச்சா? நானும் பியூலாவும் இங்கே சுகம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த இடத்துல கை நின்னுபோச்சு. அதனால எங்க சுகத்தைப் பிறகு சொல்றேன்.

புதன்கிழமையிலேருந்து நீங்க போன் எடுக்கலை. மணி அடிக்குது, எடுக்க மாட்டேங்கறீங்க. பியூலா கூப்பிட்டாலும் எடுக்கலை. என் மேல கோபம்னா என் போனை எடுக்காதீங்க, பிள்ளை போனை எடுக்காம இருக்க அவ என்ன செஞ்சா? சந்தனம் அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னார்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டு, அடுத்த நாள் அவரே எங்கிட்ட வந்து, மனசு கேக்கலை தங்கச்சி, ஊர்க்காரன்ங்கிற முறையில சொல்லிட்டேன்னு கண்ணைக் கசக்கினார். உன் பொண்டாட்டி உன்னை ஊருக்கு வரவிடாதீங்கன்னு முதலாளிக்கு எழுதிக் குடுத்துட்டா, இதுதானே அவர் சொன்னது?

அத்தான், முதலாளிக்கு நான் ஒரு எழுத்துகூட எழுதலை. நான் எழுதினது வேற ஒருத்தருக்கு. அவருக்கு எழுதினது எப்படி முதலாளி காதுக்குப் போச்சுங்கிறதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்ல வாய்ஸ் போடலாம், நீங்க கேக்க மாட்டீங்க. அதுவுமில்லாம எனக்கு இப்போ எந்த மெஷின் மேலேயும் நம்பிக்கை இல்லை. செவ்வாய்க்கிழமை கட்டிங் மாஸ்டர் அழகுமலை அண்ணன் ஜோர்டானுக்கு, உங்க கம்பெனிக்கே புறப்படுறார். அவர் கையில குடுத்து விடுறேன். கூடவே நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் பருப்புப்பொடி, தொண்டைக்குச் சித்தரத்தை வெச்சிருக்கேன். ஊறுகாய் பாட்டிலை ரெண்டு பனியன் துணியில சுத்தியிருக்கேன், துணியைத் தூக்கிப் போட்டுடாதீங்க, நல்ல காட்டன். நீங்க கேட்டிருந்த பியூலா கால் அளவும் உள்ளே இருக்கு. தரையில தாளை விரிச்சு, காலை வெச்சு, சுத்திக் கோடு போட்டிருக்கோம். நீங்க நினைக்கிற கால் இல்லை இப்போ. வளந்துட்டா.

விஷயத்துக்கு வர்றேன். பொறுமையாப் படிங்க, நடுவுல கசக்கி எறிஞ்சிடாதீங்க.

ஆபீஸ்ல புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்குன்னு ஆடி முடிஞ்சப்போ உங்ககிட்ட சொன்னேன்ல. பழசுக்கு இனிமே பாதுகாப்பு கிடையாதாம், யார் வேணும்னாலும் உள்ளே புகுந்து பாத்துடுவாங்களாம், மாத்தியே தீரணும்னு சிஸ்டம் பாக்க வர்ற வேல்குமார் சொன்னார். பாதுகாப்புக்காக வாங்கினதுதான் என்னைக் கொண்டுவந்து நடுத்தெருவுல நிறுத்தியிருக்கு. அதை மொதநாள் திறந்தப்போ திரையில என்னென்னமோ வரிசையாக் கேட்டுச்சு. இதுக்குச் சம்மதமா, அதுக்குச் சம்மதமான்னு. வேல்குமார் ஒரு கையில டீ கிளாஸை வெச்சுக்கிட்டு இன்னொரு கையால எஸ், எஸ், எஸ்னு தட்டிக்கிட்டே போனார். அவரும் படிக்கலை, பக்கத்துல நின்ன நானும் படிக்கலை.

அதுல ரகசிய நம்பர் ஆளுக்கொண்ணு வெச்சுக்கணுமாம். நம்ம ஆபீஸ்ல அது நடக்கிற காரியமா? ஆஷா லீவுன்னா நான் உக்காந்து சரக்கு வாங்குற வெளிநாட்டு பையருக்கு மெயில் போடணும், நான் லீவுன்னா சந்தனம் அண்ணன் உக்காந்து பேக்கிங் லிஸ்ட் எடுக்கணும். ஒருத்தர் நம்பர் தெரியலைன்னா கண்டெய்னர் வாசல்லயே நிக்கும். அதனால எல்லாருக்கும் ஒரே நம்பர். அட்டைப்பெட்டியில ஒரு துண்டைக் கிழிச்சு, அதுல ஸ்கெட்ச் பேனாவால எழுதி, மானிட்டர் ஓரத்துல ஒட்டியாச்சு. டீ கொண்டுவர்ற அம்மாவுக்குக்கூட அந்த நம்பர் தெரியும்.

இனி என் கதை. நம்ம சபையில வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் எப்படின்னு உங்களுக்குத் தெரியும். நீங்க வராட்டியும் நான் வந்து சொல்லியிருக்கேன். யாருக்கு என்ன பாரமோ அதைச் சீட்டுல எழுதி மடிச்சுப் பெட்டியில போடுவோம். பேர் எழுத வேண்டாம். பாஸ்டர் அதைப் பிரிக்க மாட்டார். எல்லாத்துக்கும் சேத்து ஜெபம் பண்ணிட்டு, சீட்டுகளை அப்படியே வெளியில கொண்டுபோய்க் கொளுத்திடுவார். வாயால சொல்ல முடியாததை அங்கே எழுதலாம். நீங்க இங்கே இருந்த காலத்துல நான் எழுதின சீட்டுகளெல்லாம் அப்படித்தான் சாம்பலாச்சு.

ஆபீஸ் வேலைக்கு மாறினதுலேருந்து வெள்ளிக்கிழமை எனக்கு எங்கே நேரம் கிடைக்குது? ஏற்றுமதி அவசரமெல்லாம் வெள்ளி, சனியிலதான் வந்து நிக்கும். சீட்டு எழுதி யார்கிட்டயாவது குடுத்து விடலாம், நடுவுல பிரிச்சுப் பாத்துட்டா? வீட்டுல எழுதி வெச்சா பியூலா கண்ணுல படும். அதனால நானே ஒரு வழி வெச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை டீ நேரத்துல எல்லாரும் வெளியில போனதும், கம்ப்யூட்டர்ல நோட்பேடைத் திறந்து தமிழ்ல என் ஜெபத்தை அடிப்பேன். அடிச்சு முடிச்சு, கண்ணை மூடி ஆமென் சொல்லிட்டு, அதை மூடுவேன். சேவ் பண்ணவான்னு கேக்கும். வேண்டாம்னு தட்டுவேன். அவ்வளவுதான், பாஸ்டர் கொளுத்தின மாதிரி ஆச்சுன்னு எனக்கு நிம்மதியா இருக்கும். பழைய கம்ப்யூட்டர்லயும் இப்படித்தான் செஞ்சேன், புதுசுலயும் இப்படித்தான் செஞ்சேன்.

புதுசு அப்படியில்லையாம் அத்தான். அதுக்குள்ள இந்த ஏஐன்னு சொல்றாங்களே, அது கூடவே வந்திருக்கு. நாம தனியா எதையும் வாங்கிப் போடலை, பொறக்கும்போதே அதுக்குள்ள இருந்திருக்கு. திரையில என்னென்ன தெரியுதோ அதையெல்லாம் அப்பப்போ போட்டோ பிடிச்சு உள்ளே வெச்சுக்குமாம். படிச்சும் பாக்குமாம். சேவ் பண்ணினியா பண்ணலையாங்கிற கேள்வியே அதுக்குக் கிடையாது. நான் வேண்டாம்னு தட்டுறதுக்கு முன்னாடியே அது எல்லாத்தையும் பாத்து முடிச்சிருக்கு.

புதன்கிழமை முதலாளி மகன் முகிலன், பெரிய ஹால்ல எல்லாரையும் கூப்பிட்டார். சாம்பிள் காட்டுற ஹால், பெரிய டிவி இருக்குமே, அங்கே. அந்தத் தம்பி நல்ல மாதிரிதான், புதுசா எது வந்தாலும் ஊருக்கெல்லாம் காட்டணும் அவருக்கு. இனிமே யாரும் பைலைத் தேடி அலைய வேண்டியதில்லீங்க, வாயால கேட்டாப் போதும், இதுவே தேடி எடுத்துச் சொல்லிடும்னார். கம்ப்யூட்டரை டிவியில மாட்டி, தமிழ்ல பேசற மாதிரி வெச்சார். காணாமப் போன ஒரு ஸ்டிக்கர் டிசைனைக் கேட்டார், அது டக்னு எடுத்துக் குடுத்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அப்புறம் சந்தனம் அண்ணன் சும்மா இருக்காம, நம்ம பாண்டித்துரை எப்போ வர்றான்னு கேளுங்க தம்பின்னார். உங்க மேல உள்ள பாசத்துலதான் சொன்னார். ஜோர்டான் கம்பெனிக்கு ஆள் அனுப்புறது நம்ம முதலாளிதானே, அந்த மெயிலெல்லாம் இதே கம்ப்யூட்டருக்குத்தான் வருது. முகிலன் தம்பியும் சிரிச்சுக்கிட்டே, மெக்கானிக் பாண்டித்துரை எப்போ ஊருக்கு வர்றார்னு கேட்டார்.

அதுக்கு ஒரு பொம்பளைக் குரல். நியூஸ் வாசிக்கிற மாதிரி, ஏத்தம் இறக்கம் இல்லாம. அது சொன்னதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன், ஒரு வார்த்தை விடாம எழுதுறேன். பாண்டித்துரையின் ஒப்பந்தம் ஜனவரியில் முடிகிறது. அவர் திரும்பி வருவதை நீங்கள் விரும்பவில்லை. இதைப் பல முறை எழுதியிருக்கிறீர்கள். அவருடைய குடிப்பழக்கத்தையும் மகள் பயப்படுவதையும் காரணமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டிக்கக் கடிதம் தயார் செய்யட்டுமா?

முகிலன் தம்பிக்கு முதல்ல விளங்கலை. நானா, நான் எப்பங்க எழுதினேன்னு சிரிச்சார். எல்லாரும் சிரிச்சாங்க. எந்த மகள்னு யாரோ கேட்டாங்க. அதுக்கப்புறம் ஒருத்தர் பின்னால ஒருத்தரா சிரிப்பை நிறுத்தினாங்க. எல்லா முகமும் மெதுவா என் பக்கம் திரும்புச்சு. என் கையில பெட்டியில ஒட்டுற ஸ்டிக்கர் ரோல் இருந்துச்சு. அதுலேருந்து ஒண்ணொண்ணா உரிச்சு என் விரல்லயே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன், எனக்கே தெரியலை. டிவியில அந்தக் கேள்வி மட்டும் பெருசா நின்னுச்சு, தயார் செய்யட்டுமான்னு.

எனக்கு அழுகை வரலை அத்தான். கோபமும் வரலை. காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. கட்டின புருஷனைப் பத்தி, பெத்த தாய்கிட்டகூடச் சொல்லாததை, ஊரைக் கூட்டி டிவியில சொல்லுது ஒரு மெஷின். ஆஷாதான் என் தோளைப் பிடிச்சு வெளியில கூட்டிட்டு வந்து தண்ணி குடுத்தா. ஜன்னல் வழியாப் பாத்தேன், சந்தனம் அண்ணன் வேப்பமரத்தடியில நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தார். உங்ககிட்டதான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

வேல்குமாரை வரவெச்சு என்னய்யா இதுன்னு கேட்டேன். எனக்கு வாய் எப்படின்னு உங்களுக்குத் தெரியும், மனுஷன் பாவம், ரெண்டடி பின்னால போய் நின்னுதான் பதில் சொன்னார். இது வெளியில எங்கேயும் போகாதுங்க்கா, இந்தப் பெட்டிக்குள்ளயேதான் இருக்குமுங்க, அந்த நம்பர் போட்டுத் திறக்கிற ஆளுக்கு மட்டும்தான் சொல்லும்னார். நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே நம்பர்ங்கிறதால அது நம்ம எல்லாரையும் ஒரே ஆளுன்னு நினைச்சுக்கிட்டிருக்காம். அதனாலதான் என் ஜெபத்தை முகிலன் தம்பி பண்ணினதா அவர்கிட்டயே சொல்லியிருக்கு. அது வெளியில எதுக்கப்பா போகணும், உள்ளேயே இவ்வளவு பேர் இருக்கோமேன்னேன்.

அன்னைக்குச் சாயங்காலம் ஆபீஸைப் பாக்கணுமே நீங்க. மேனேஜர் தங்கவேலு எப்பவும் ஊருக்கே கேக்கிற மாதிரி பேசுவார், அவர் சத்தமே இல்லை. வேற கம்பெனிக்கு வேலைக்கு எழுதிப் போட்டிருக்காராம், அதே கம்ப்யூட்டர்ல. ஆஷா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அனுப்பர்பாளையத்துல வாடகை வீடு தேடிக்கிட்டிருந்திருக்கா, மாமியாரை விட்டுத் தனியாப் போக. அவ மாமனாரும் நம்ம பெரிய முதலாளியும் ஒண்ணாக் காப்பி குடிக்கிறவங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பிரிண்டர் வேலை செய்யலைன்னு சொல்லிக்கிட்டு வேல்குமாரை ஓரம் கட்டிட்டுப் போனாங்க. எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துச்சு. என்னைப் பாத்து யாரும் ஒரு வார்த்தை கேலி பேசலை. அவனவன் தலைக்கு மேல அதே கத்திதான் தொங்குச்சு.

மறுநாள் வேல்குமார் அதை அணைச்சுட்டேன்க்கான்னு சொல்லி ஒரு பட்டனைக் காட்டினார். பிடிச்சு வெச்ச போட்டோவெல்லாம் அழிச்சாச்சாம். நெசமாவே அணைஞ்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது எரிஞ்சுக்கிட்டிருந்ததே எனக்குத் தெரியாதே. இப்போ அந்தக் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா யாரோ எதிர்ல உக்காந்து என் முகத்தையே பாக்குற மாதிரி இருக்கு. சோலி செய்யணுமே, செய்யுறேன். பேக்கிங் லிஸ்ட் தவிர ஒரு எழுத்து அதுல அடிக்கிறதில்லை. வெள்ளிக்கிழமை டீ நேரத்துல வெறும் கையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஜெபம் வரலை. நாக்குல நிக்குது, வெளியில வர மாட்டேங்குது. இதை நினைச்சாத்தான் எனக்குத் தாங்கலை அத்தான்.

இதுல இன்னொண்ணு இருக்கு. அதை நீங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். வியாழக்கிழமை முகிலன் தம்பி என்னைத் தனியாக் கூப்பிட்டார். உக்காரச் சொன்னார். ஏனுங்க்கா சங்கடப்படறீங்க, எல்லா ஊட்லயும் இருக்கறதுதானுங்கன்னார். உங்களுக்கு வேணும்னா பாண்டித்துரைக்கு இன்னும் ஒரு வருஷம் போட்டுடலாம், அங்கே அவருக்கும் நல்ல பேருதான், லெட்டர்கூட ரெடியா இருக்குதுங்க, நான் ஒரு தட்டு தட்டினா போயிரும்னார். அந்த மெஷின் தயார் செய்யட்டுமான்னு கேட்டதை இவர் செய்யவே சொல்லியிருக்கார். நல்ல மனசுலதான் சொன்னார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஆண்டவர்கிட்ட கேட்டதை ஆண்டவர் யோசிச்சுக் குடுப்பார், குடுக்காமலும் இருப்பார், நம்மளை அறிஞ்சவர். இங்கே கேட்டதும் கேக்காததுமா ஒரு லெட்டர் வந்து நிக்குது, என் பேரைச் சொல்லி உங்களை நாடு கடத்த. அனுப்பாதீங்க தம்பி, அழகுமலை அண்ணன் கையில எங்க வீட்டுக்காரருக்குக் கடிதம் குடுத்துவிட்டுக் கேக்கணும்னு சொல்லிட்டு எந்திரிச்சேன். சரிங்க, அழகுமலை போய்ச் சேந்து பாண்டித்துரை என்ன சொல்றார்னு பாத்துக்கிட்டு முடிவு பண்ணலாம்னு நிறுத்தி வெச்சிருக்கார்.

ஆக இப்போ முடிவு உங்க கையில இருக்கு. நீங்க முடிவு பண்றதுக்கு முன்னால நான் நெசமா என்ன எழுதினேன்னு உங்களுக்குத் தெரியணும். அந்த மெஷின் சொன்னது பொய் இல்லை. அது ஒரு வரியைத்தான் எடுத்துக்கிச்சு, மிச்சத்தைத் தள்ளிடுச்சு. நான் வாரா வாரம் அடிச்சதை எனக்கு மனப்பாடமாத் தெரியும். முழுசா எழுதுறேன்.

ஆண்டவரே, அவர் வேலை செய்யுற இடத்துல அவருக்கு நல்ல பேர் கொடும். அந்தத் தொண்டைக்கட்டைச் சுகமாக்கும். அவர் சாப்பிடுற சாப்பாடு அவர் உடம்புல ஒட்டட்டும். அங்கே குடிக்காம இருக்கார்னு நம்புறேன், அதை அப்படியே காத்துக்கொள்ளும். ஞாயித்துக்கிழமை போன்ல அவர் பியூலாவுக்குக் கணக்குச் சொல்லிக்குடுக்கும்போது அந்தப் பிள்ளை சிரிக்குதே, அந்தச் சிரிப்பை எங்க வீட்டுலேருந்து எடுத்துப்போடாதேயும். இங்கே வந்ததும் பழையபடி குடிச்சுட்டு வருவார், பிள்ளை பயப்படும்னா அவரை அனுப்பாதேயும், இன்னும் ஒரு வருஷம் அங்கேயே வைத்திரும். போன்ல வர்ற மனுஷனாவே வருவார்னா சீக்கிரம் கொண்டுவாரும். எனக்கு எது நடக்கும்னு தெரியலை. உமக்குத் தெரியும். ஆமென்.

இவ்வளவுதான் அத்தான். இதுல ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீங்க கோபப்படணும்னா இதுக்குக் கோபப்படுங்க, சந்தனம் அண்ணன் சொன்னதுக்கு வேண்டாம்.

நேராவே சொல்லிடுறேன். எனக்கு உங்களைப் பிடிக்கும். ஞாயித்துக்கிழமை நீங்க கூப்பிடுற நேரத்துக்கு நான் தலை சீவிட்டு உக்காருறதைப் பாத்து பியூலா கிண்டல் பண்ணுவா. எனக்கு உங்க மேல பயமும் இருக்கு. ரெண்டும் ஒரே ஆள் மேலதான், அதை நான் எங்கே போய்ச் சொல்ல? அதான் அங்கே சொன்னேன்.

பியூலாவைப் பத்தி எழுதாம முடிக்க முடியாது. அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க கம்பெனியில துணி செக்கிங்ல வேலை பாக்குற பொம்பளையோட மகள் இவ கிளாஸ்தான், பள்ளிக்கூடத்துல கேட்டிருக்கா. வந்து எங்கிட்ட எதுவும் சண்டை போடலை. ஜனவரியில அப்பா வர்றாங்களாம்மான்னு மட்டும் கேட்டா. ஆமா, வரலாம்னேன். அப்பா பாவம்மான்னா. அதோட எந்திரிச்சுப் போய்ப் படிக்க உக்காந்துட்டா.

நீங்க இங்கே இருந்தப்போ இவ செருப்பு போட்டுக்கிட்டே தூங்குவா, ஞாபகம் இருக்கா? பாய் அழுக்காகுதுன்னு ஒரு தடவை ஏசினீங்க. ஏன் அப்படித் தூங்குறான்னு நீங்க கேக்கலை, நானும் சொல்லலை. இப்போ சொல்றேன். ராத்திரியில திடுதிப்புனு எந்திரிச்சு எதிர் லைன் வீட்டு ராமாத்தாள் அக்காகிட்ட ஓடணும்னா நடுவுல கிடக்கிற ஜல்லி காலைக் குத்தக் கூடாதுல்ல, அதுக்குத்தான். நீங்க ஜோர்டான் போன பிறகும் கொஞ்ச காலம் அப்படியேதான் தூங்கினா. அப்புறம் ஒரு நாள் காலையில பாத்தா செருப்பு வெளியில வாசப்படியில கிடந்துச்சு. நான் எதுவும் சொல்லலை, அவளாத்தான் கழட்டி விட்டிருக்கா. அன்னைக்கு நான் வேலைக்குப் போற வழியெல்லாம் அழுதுக்கிட்டே போனேன், சந்தோஷத்துல.

இந்த வெள்ளிக்கிழமை காலையில பாயைச் சுருட்டும்போது தலையணை ஓரத்துல செருப்பு இருந்துச்சு. காலுல போடலை. பக்கத்துல எடுத்து வெச்சிருக்கா. உங்களைப் பாவம்னு சொன்ன பிள்ளைதான் அதை எடுத்து வெச்சிருக்கு.

அதனால அத்தான், நல்லா யோசிங்க. போன்ல பாக்குற அந்த மனுஷனாவே வர முடியும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா ஜனவரியில வாங்க. நான் முகிலன் தம்பிகிட்ட போய், அந்த லெட்டரைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்றேன். இன்னும் கொஞ்சம் காலம் வேணும்னு தோணுச்சுன்னா அதை நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன், யார் என்ன பேசினாலும் காத்திருப்பேன். எந்த முடிவா இருந்தாலும் உங்க வாயால எனக்கு வரணும். எதுக்கும் முன்னாடி பிள்ளை போனை எடுங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சேன்னு கணக்கு நோட்டை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா.

இதைப் படிச்சதும் கொளுத்திடுங்க. நம்ம சபையில சீட்டைக் கொளுத்துற மாதிரி, ஒரு துண்டு மிச்சமில்லாம. போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பிடாதீங்க. கால் அளவு போட்ட தாளை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க. கடையில காட்டும்போது கோட்டுக்கு மேல ஒரு விரல் இடம் விட்டு எடுங்க, இன்னும் வளருவா. நல்ல செருப்பா, அவளுக்குப் பிடிச்ச நீலத்துல பாருங்க. கர்த்தர் உங்களை உங்க நல்ல மனசோட எங்ககிட்ட கொண்டுவந்து சேக்கட்டும். நீங்க வந்து படுக்கிற வீட்டுல, அந்தப் புதுச் செருப்பை அவ வாசல்ல கழட்டி விட்டுட்டுத் தூங்கணும். நான் கேக்கிறது அது ஒண்ணுதான்.

உங்க,
பிரிசில்லா